ஸ்டெப்னியின் பெயரில் ஒரு டயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. டப்ளினில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தின் பிரியாணி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தாஜ் நிஷா சொன்னது. அவளுக்கும் முன்னால் நின்ற அவள் கணவர் இனாயத்துல்லா திரும்பித் திரும்பி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொன்னார். கதை சுவாரசியத்தில் நாங்கள் நகர மறந்தோம், பின்னால் நின்றவர்கள் மறக்கவில்லை. கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது பட்டையும் ஏலக்காயும்தான். கைவிட்டுப் போன பிரியாணிக்கு ஈடாக இந்தக் கதையை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கக்கா. ஆனா என்னைச் சந்தேகப்படுற பொண்டாட்டியா மட்டும் எழுதிடாதீங்க" என்றாள் தாஜ்.

"டயர் சைஸைத் தப்பா போட்டுடாதீங்க" என்றார் இனாயத்.

டப்ளின் என்றால் கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளின். இங்கே பனி பெய்யாது. பனிக்கால டயரைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடையாது, என்னைவிடத் தகுதியில்லாத ஆளும் கிடையாது. என் கார் டயர் கறுப்பு, வட்டம் என்பதுவரை எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்:

வெண்பூக்களாய்ப் பனி உதிர்ந்துகொண்டிருந்த அந்த மலைச்சாலையில், தனிமையின் மௌன

(வேண்டாம். பனி என்று எழுதினாலே எனக்குத் தனிமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கதையில் யாரும் தனியாக இல்லை. ஒரு வாட்ஸப் குரூப்பே கூட வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்:

இனாயத்துல்லாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள், ஜீப்.

(இது பரவாயில்லை. ஆனால் என் வாக்கியம் அல்ல, தாஜ் நிஷாவின் நிரந்தரப் புகார். விருந்தாளிகளிடம் அவள் சொல்வது: "இந்த வீட்டுல ஜீப்தான் மூத்த பொண்டாட்டி. நான் ஸ்டெப்னி.")*

* தெரியாதவர்களுக்கு: ஸ்டெப்னி என்றால் வண்டியின் பின்னால் தொங்கும் மாற்று டயர். ஆங்கிலச் சொல்தான், ஆனால் அமெரிக்காவில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இங்கே அதற்கு 'ஸ்பேர்' என்று பெயர். நம் ஊரில் ஸ்டெப்னிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கல்யாணமான ஆண், வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பெண். உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்க மாட்டேன்.

3

இனாயத்தின் ஜீப் தொண்ணூற்றேழாம் வருட மாடல். பச்சை நிறம். கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் சாத்தும். ஹீட்டர், டிரைவர் உட்காரும் பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யும். அவருக்கு வேலை கிளவுட் கம்பெனியில். பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எதையோ கட்டி எழுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதருக்கு, கையால் தட்டிப் பார்க்க அந்த ஜீப் ஒன்றுதான் இருந்தது.

இங்கே பிப்ரவரியில் பள்ளிகளுக்கு 'ஸ்கீ வீக்' என்று ஒரு விடுமுறை வரும். போன வருடம் மகள் ஆஃபீஃபாவுக்குப் பனி காட்ட மூவரும் ஜீப்பில் தாஹோ மலைக்குக் கிளம்பினார்கள். பாதி மலையில் டயர் பஞ்சர். இனாயத் உற்சாகமாகவே இறங்கி ஸ்டெப்னியைக் கழற்றினார். அது ஜீப்போடு கூடப் பிறந்த டயர், வெடிப்பு விட்டு, காற்றே இல்லாமல் தொய்ந்திருந்தது. கயிறு கட்டி இழுக்கும் டிரக் வரும்வரை அம்மாவும் மகளும் முறை வைத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குளிர்காய்ந்தார்கள். "அத்தா, ஐ கான்ட் ஃபீல் மை ஃபேஸ்" என்று அழுதாள் ஆஃபீஃபா.

இந்த வருடம் தாஜ் நிஷா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அஞ்சு டயரும் புதுசா இருக்கணும். அஞ்சும் ஸ்னோ டயர், அஞ்சும் ஒரே மாதிரி. ஸ்டெப்னியும் சேர்த்துதான் சொல்றேன். இல்லைன்னா ஸ்கீ வீக்குக்கு முன்னாடி ஜீப் ரூஃபஸ் வீட்டுக்குப் போயிடும்."

ரூஃபஸ், சான் ஹோசே நண்பர். வீட்டுக்கு வந்தால் சலாம் சொல்லும் முன்பே கராஜுக்குள் போய் ஜீப்பைத் தடவிக் கொடுப்பவர். கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்ளக் காத்திருந்தார்.

4

(இந்தப் பகுதி இனாயத்துக்காக. அவசரமானவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். அவரிடம் சொல்ல மாட்டேன்.)

டயர் தேடும் படலம் வாட்ஸப்பில் தொடங்கியது. பனியில் வண்டி ஓட்டியவர்கள் அடக்கமாக இருந்தார்கள். டெக்ஸஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து அகிலன் மட்டும் அயராமல் ஆலோசனை சொன்னார்: "பாய், பெருசா, அகலமா போடுங்க. கெத்தா இருக்கும்." இனாயத் மயங்கித்தான் போனார். பிறகு படித்துப் பார்த்தால், அகலமான டயர் பனிமேல் மிதக்குமாம், ஒடுங்கியதுதான் பனியைக் கிழித்து ரோட்டைப் பிடிக்குமாம். பெரிதாகப் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்கார்டிலும் உரசும். ஆக, ஜீப் பிறந்தபோது என்ன அளவோ அதேதான்: 235/75 ஆர் 15.

முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. மூன்றாவது சக்கரம், அங்குலத்தில். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத மூன்று பேர் சேர்ந்துதான் இந்த முறையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பதினைந்து அங்குலச் சக்கரம் இப்போது வழக்கொழிந்துகொண்டிருக்கிறது. அந்த அளவில், பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் பொறித்த அசல் பனி டயர், கேட்ட கடையில் எல்லாம் இல்லை என்றார்கள். கடைசியில் லிவர்மோரில் ஒரு கடைக்காரர், எங்கிருந்தோ ஐந்து வரவழைத்துத் தருகிறேன் என்றார். அத்தோடு ஸ்டாக் முடிந்தது. இனாயத் போனிலேயே ஆர்டர் கொடுத்தார். அந்த உரையாடலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்:

"ஃபோர் டயர்ஸ் ஃபார் த ஜீப். அண்ட் ஒன் ஸ்டெப்னி."

"ஒன் ஃபார் ஸ்டெஃபனி?"

"யெஸ், யெஸ். ஸ்டெப்னி."

"ஸேம் சைஸ்?"

"எக்ஸாக்ட்லி ஸேம். வெரி இம்பார்ட்டன்ட் டு மை வைஃப்."

5

சனிக்கிழமை மதியம். மறுநாள் காலை மலைக்குக் கிளம்ப வேண்டும். நாலு டயரும் மாட்டி ஜீப் கடை வாசலில் கம்பீரமாக நின்றது. இனாயத் ஐந்தாவதைக் கேட்டார்.

"அது ஸ்டெஃபனியோடது" என்றார் கவுன்ட்டர்காரர். (அவர் சொன்னது ஆங்கிலத்தில். களைப்பாக இருக்கிறது, இனி முக்கியமான இடத்தில் மட்டும் ஆங்கிலம்.) எவர் பெயரில் பொருள் இருக்கிறதோ அவரே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், கடை விதி.

இனாயத்துக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. சிரித்துக்கொண்டே விளக்கினார்.

"நோ, நோ. ஸ்டெப்னி இஸ் நாட் எ பெர்சன். ஷி இஸ் மை ஸ்பேர்."

கவுன்ட்டர்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐ ஆல்வேஸ் கீப் ஹெர் இன் த பேக்."

கவுன்ட்டர்காரரின் பார்வை இனாயத்தின் கல்யாண மோதிரத்தில் போய் நின்றது. அது உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள விஷயம் சார், ஆனால் அவர் நேரில் வர வேண்டும் என்றார். டயர் தொழிலில் தலை நரைத்தவன் நான், ஸ்டெப்னி என்று ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை என்றும் சொன்னார்.

கடை சாத்த அதிக நேரமில்லை. இனாயத் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"தாஜு, கொஞ்சம் கடைக்கு வர முடியுமா?"

"எதுக்குங்க?"

"ஸ்டெப்னியா வரணும்."

6

தாஜ் நிஷாவுக்குத் தலைக்கேறிய கோபத்தில் கையிலிருந்த கரண்டி பறந்து

(நீக்கம். இந்த வரியைப் படித்துவிட்டு அவள் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "அக்கா, முதல்லயே சொன்னேன்ல? எங்கத்தா லாரி வச்சிருந்தவங்க. எனக்கா ஸ்டெப்னி தெரியாது? விஷயத்தைக் கேட்டு சிரிச்சு சிரிச்சு கிச்சன் தரையில உக்காந்துட்டேன். எந்திரிக்கும்போதுதான் யோசிச்சேன்.")

என்ன யோசித்தாள் என்பதில்தான் கதை இருக்கிறது. அவள் போகாவிட்டால் ஐந்தாவது டயர் இல்லை. ஐந்தாவது இல்லாவிட்டால் ஜீப் ரூஃபஸுக்கு. பல வருடமாக மூத்தவளோடு நடக்கும் சண்டையில் ஜெயிக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாஜ் நிஷா ஃபார்மசிஸ்ட். நாள் முழுக்கக் கவுன்ட்டரில் நின்று "நேம்?" என்று கேட்பதுதான் அவள் வேலை. ஒருவர் பெயரில் உள்ள மருந்தை இன்னொருவர் தலைகீழாக நின்று கேட்டாலும் தர மாட்டாள். அப்படிப்பட்டவள் இன்னொரு கவுன்ட்டரில் போய்ப் பொய்ப்பெயர் சொல்வாளா? ஒரு எழுத்தாளராக எனக்கு இந்த இடத்தில் நம்பிக்கையே இல்லை.

ஆனாலும் அவள் வந்தாள். வந்து, காரை விட்டு இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"நான் உள்ள போய் ஸ்டெஃபனின்னு சொன்னா ஜீப் நம்ம வீட்டுல. சொல்லலைன்னா ரூஃபஸ் வீட்டுல. கரெக்டா?"

"கரெக்ட்."

"இத்தனை வருஷமா நான் வாயால சொல்லிட்டிருந்தேன். நீங்க கடையில போய் ரிஜிஸ்டரே பண்ணிட்டீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது முழுச் சிரிப்பு இல்லை என்பது இனாயத்துக்கே புரிந்தது. பாவம், அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அ) "நீதான் தாஜு என் வாழ்க்கையின் முதல் டயர்."

(இனாயத்தின் கருத்து: "அக்கா, எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்?")

ஆ) அவர் நெடுநேரம் மௌனமாக நின்றார்.

(தாஜ் நிஷாவின் கருத்து: "இவரா? மௌனமாவா? சரி, கதைதானே.")

இ) உண்மையில் சொன்னது. இருவரும் தனித்தனியாகச் சொன்னபோதும் இது மட்டும் மாறவில்லை:

"போன வருஷம் ஸ்டெப்னியைக் கவனிக்காம விட்டேன். பாதி மலையில நின்னேன். அப்பதான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"மத்த நாலும் ஓடுறதே, ஸ்டெப்னி இருக்குங்கிற தைரியத்துலதான்."

தாஜ் நிஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இது டயரைப் பத்தியா, என்னைப் பத்தியா?"

இனாயத் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டும்தான்" என்றார்.

தாஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா பேசக் கத்துக்கிட்டீங்க. நீங்க இங்கயே நில்லுங்க, உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

7

இனாயத் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே யாருடைய காருக்கோ நட்டு முடுக்குகிற மெஷின் கடகடவென்று இரைந்தது. கவுன்ட்டர்காரர் ஏதோ கேட்டார். தாஜ் நிஷா ஏதோ சொன்னாள். கவுன்ட்டர்காரர் எட்டி இனாயத்தைப் பார்த்தார், மறுபடி தாஜைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டயரை அவரே உருட்டிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்னால் மாட்டியும் கொடுத்தார்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார் இனாயத்.

"சாவியைக் குடுங்க" என்றாள் தாஜ்.

ஜீப்பை அவள் ஓட்டிக்கொண்டு போனாள். அவளுடைய காரில் பின்னாலேயே வந்த இனாயத்துக்கு ஃபைவ் எய்ட்டி ஃப்ரீவே டிராஃபிக்கில் வீடுவரை கண்ணுக்குத் தெரிந்தது புது ஸ்டெப்னி ஒன்றுதான். மறுநாள் மலைக்கும் அவள்தான் ஓட்டினாள். பனிக்கேற்ற டயரா என்று பார்க்கும் சோதனைச்சாவடியில், டயரில் இருந்த பனிப்பூவைக் குனிந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கையசைத்தார்கள். ஆஃபீஃபா பனியைப் பார்த்தாள். டயர்கள் ஐந்தும் அருமை. ஹீட்டர் பழையபடிதான், தாஜ் நிஷா பக்கம் மட்டும் கதகதவென்று இருந்தது.

ஆனால் அந்தக் கவுன்ட்டரில் அவள் என்ன பெயர் சொன்னாள் என்பது இன்றுவரை இனாயத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஸ்டெஃபனி என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஏன் அப்படிச் சிரிக்க வேண்டும்? ஆஃபீஃபாவைக் கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஷி ப்ராபப்ளி ஸெட், ஐ'ம் த வைஃப், த ஜீப் இஸ் ஸ்டெஃபனி." நான் யோசித்து வைத்திருந்த எல்லாவற்றையும்விட இது நன்றாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தாஜிடமே கேட்டேன். "முடிவுன்னு ஒண்ணு வேணும்னா படிக்கிறவங்களைப் போட்டுக்கச் சொல்லுங்க. அவருக்கு நான் சொல்றதா இல்ல. அவர் கேட்டுட்டே இருக்கட்டும், நல்லா இருக்கு" என்றாள்.

ஆகவே கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள், மனம் மாறலாம். புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள், பச்சை ஜீப்பில் ஒருவர் இரவல் கேட்டு வருவார்.

"நேம், மேம்?" என்றார் கவுன்ட்டர்காரர்.

தாஜ் நிஷா கண்ணாடி வழியே ஒருமுறை வெளியே பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "................................" என்றாள்.