நம்பும்படி இல்லை

...இல்லை, 'உணர்ந்தேன்' இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டாவதை எடுத்துவிடலாம், எடுத்தால் கட்டுரை ஐந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும், ஆனால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுமே, அதை எதை வைத்து நிரப்புவது... மணி இரண்டு ஐந்து. நான்கு மணிக்கு அந்தக் கல்லூரியின் விண்ணப்பப் பக்கம் மூடிவிடும், அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் திறக்காது, போன வருஷம் ஒரு பையன் நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு அனுப்பப் பார்த்துவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன், சைக்கிள் நிறுத்தத்திலிருந்து புழுதி வந்தது, மூடினேன். ஏன் இன்று உட்கார முடியவில்லை? எல்லாம் தயார். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம், கட்டுரையின் ஏழாவது பிரதி, எல்லாம் ஒரே கோப்பில், ஒரே கிளிப்பில். கட்டுரைக்காரப் பெண் வந்து பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. வகுப்பில் அவளை ரேடியோ என்பார்கள், வாயை மூடமாட்டாள். அப்படிப்பட்டவள் மாவட்டப் பேச்சுப் போட்டி மேடையில் ஏறி, வணக்கம் சொல்லி, அதற்குமேல் ஒரு சொல்லும் வராமல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள். கரண்ட் போயிடுச்சு என்று பையன்கள் ஒரு மாதம் ஓட்டினார்கள். கல்லூரி கேட்கும் கேள்வியோ 'நீங்கள் தோற்ற ஒரு தருணத்தைப் பற்றி எழுதுக'. பதினேழு வயதில் என்ன பெரிய தோல்வி இருக்கும், இருந்தாலும் தேடி எடுக்கவேண்டும், எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் வைக்கவேண்டும், பதினோரு வருஷமாக இந்தப் பள்ளியில் என் வேலை அதுதான்.

என் வழி ஒன்றே ஒன்று. 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பிள்ளைகளால் மௌனத்தைத் தாங்க முடியாது, அரை நிமிடம், முக்கால் நிமிடம், பிறகு எதையாவது சொல்லி அதை நிரப்பப் பார்ப்பார்கள், அந்த எதையாவதில்தான் கட்டுரை இருக்கும். எனக்கு மௌனம் கஷ்டமே இல்லை, சின்ன வயதிலிருந்தே பழக்கம், வீட்டில் நாள்கணக்கில் பேச்சில்லாமல் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ரேடியோவிடம் அந்த வழி பலிக்கவில்லை. நான் சும்மா இருந்தால் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள், பஸ்ஸில் வந்த சண்டை, பக்கத்து வீட்டுப் பூனை, அவள் அப்பாவின் முடிதிருத்தும் கடையில் நேற்று யார் வந்து பாதி மீசையோடு எழுந்து போனார் என்று... தோல்வி மட்டும் வராது. அதனால்தான் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். 'இங்கே யார் இருந்தார்கள்?' 'என்ன பார்த்தாய்?' முதலில் கேள்விகள்தான், நான்காவது பிரதியில் கேள்விக்குப் பதிலாக நானே ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். மாதிரிக்குத்தான், இப்படி எழுதலாம் என்று காட்டுவதற்குத்தான். ஐந்தாவது பிரதியில் அந்த வாக்கியம் அவள் கையெழுத்தில் திரும்பி வந்தது, நான் 'நன்று' என்று போட்டேன். எது அந்த வாக்கியம்... ஆமாம், மேடையிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்குப் போனபின் வருமே, அதுதான், 'அப்பா ஷூவைக் கழற்றாமல் வாசற்கதவருகே நின்று என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையின் மௌனத்தில் நான் வளர்ந்தேன்.' மொத்தக் கட்டுரையும் அதன் மேல்தான் நிற்கிறது. நல்ல வாக்கியம். படிக்கிற யாரும் அங்கே ஒரு நொடி நிற்பார்கள்.

கதவு தட்டப்படாமலே திறந்தது. இயற்பியல் சார், பின்னால் அவள். மதியம் அவளுக்கு மாதிரி நேர்காணல் எடுத்துப் பார்க்கச் சொல்லி அவரிடம்தான் அனுப்பியிருந்தேன். அவர் உள்ளே வரவில்லை, தலையை மட்டும் நீட்டினார்.

"மேடம், பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா இந்தக் கட்டுரையில இருக்கிற பொண்ணு வேற யாரோ மாதிரி இருக்கே."

சொல்லிவிட்டு மணி அடித்துவிட்டதென்று போய்விட்டார். எப்போதும் அப்படித்தான், கல்லைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். வேறு யாரோவா? எழுத்தில் எல்லோரும் கொஞ்சம் வேறு யாரோதான் என்று அவருக்குப் பின்னால் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை. தோள்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், அப்பா கதவுகிட்ட நின்னாருன்னு எழுதியிருக்கோம்ல. அப்புறம் அவரு என்ன பண்ணாரு?"

எழுதியிருக்கோம். என்னிடம் கேட்கிறாள், அவள் அப்பா என்ன செய்தார் என்று என்னிடம். சார் அதைத்தான் கேட்டாராம், பதில் தெரியவில்லையாம், உங்களுக்குத்தான் தெரியுமென்று ஓடி வந்தேன் மிஸ் என்றாள். கேலியில்லை. பாடத்தில் விட்டுப்போன வரியைக் கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கு வாயில் பதில் தயாராக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வெளியே போய்விட்டார், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை... பழுப்பு நிற ஷூ, இடது காலில் நாடா அவிழ்ந்திருந்தது, அலுவலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், நான் கேட்ட கல்லூரி என்னை மறுத்து அனுப்பிய காகிதம் மேசையில் கிடந்தது, எனக்கும் அப்போது பதினேழு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட. ஒரு முடிதிருத்துபவரின் மகளுடைய கட்டுரைக்குள் என் அப்பா எப்படி நுழைந்தார், யார் கதவைத் திறந்துவிட்டது?

"உங்கப்பா நிஜமா அப்படி நிக்கலையா?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"எங்கப்பா ஷூவே போட மாட்டாரு மிஸ். நாள் பூரா நின்னு வேலை செய்யற காலு, செருப்புதான். அதுவும் ஒரு இடத்துல நிக்கவே மாட்டாரு."

அப்புறம் ஏன் எழுதினாய் என்று கேட்டேன். நீங்க எழுதினது நல்லா இருந்துச்சு, படிச்சப்போ எனக்கே அழுகை வந்துச்சு, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு நினைச்சேன் என்றாள். இரண்டு நாற்பது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், கிளிப்பைக் கழற்றினேன். வாக்கியத்தை எடுத்தால் கட்டுரை பொலபொலவென்று விழும். விட்டால்? அடுத்த வாரம் நிஜ நேர்காணல், அப்பாவைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள், அப்போது முன்பின் தெரியாத ஒரு மனிதரைத் தன் அப்பாவென்று சொல்லவேண்டும், மறுபடி ஒரு மேடை, மறுபடி இரண்டு நிமிடம். இல்லாவிட்டால் நான் சொல்லிக்கொடுக்கலாம். நாடா அவிழ்ந்திருந்ததைச் சொல், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சொல்லத் தொடங்கிவிட்டேன் என்றே நினைக்கிறேன், நாக்கு அசைந்தது. பிறகு எதற்கோ கோப்பின் அடியிலிருந்த முதல் பிரதியை உருவினேன், அவள் அப்பா அதில் எங்காவது இருக்கவேண்டுமே என்று.

இருந்தார். இரண்டாம் பக்கத்தில், அவளுடைய சாய்ந்த எழுத்தில். 'நான் பேசாமல் நின்றதைச் சொன்னதும் அப்பா சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உன்னாலகூட வாயை மூட முடியுமான்னு கேட்டார். நாற்காலியில் இருந்தவரும் சோப்பு நுரையோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.' அதன் குறுக்கே என் சிவப்புக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக. ஓரத்தில் என் கையெழுத்து, 'நம்பும்படி இல்லை'. எந்த ஐயமும் இல்லாமல், முற்றுப்புள்ளியோடு. அதை எழுதிய மத்தியானம் எனக்கு நினைவே இல்லை, இருபது கட்டுரைகளில் ஒன்றாக இருந்திருக்கும். தோற்று வந்த பெண்ணைப் பார்த்து எந்த அப்பா சிரிப்பார் என்று தோன்றியிருக்கும், அதுகூடத் தோன்றியிருக்காது, கை தானாகப் போயிருக்கும்.

தாளை அவள் பக்கம் தள்ளினேன். மன்னிப்புக் கேட்டேனா என்று தெரியவில்லை, கேட்கவேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் அவள் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள், ஆமா மிஸ், அந்த நுரை அவரு மூக்குக்குள்ள போயிடுச்சு, அதை எழுதவே மறந்துட்டேன் என்றாள். மூலையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்தாள். விண்ணப்பப் பக்கத்தில் ஏற்றிவைத்திருந்த பழைய கட்டுரையை மொத்தமாக அழித்தாள், ஏழு பிரதி, ஆறு வாரம், ஒரு விரல் அசைவில் போயிற்று. நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பாமல், "நீங்க பார்த்தா எனக்கு வராது மிஸ்" என்றாள். ஜன்னலுக்குப் போனேன். தட்டச்சுச் சத்தம் விட்டுவிட்டு வந்தது, நடுவில் அவளாகவே சிரித்துக்கொண்டாள், 'சிரித்தார்' எத்தனை தடவை வந்திருக்குமோ, ஒருமை பன்மை தவறியிருக்குமோ, நுரை மூக்கில் போனதையெல்லாம் எங்கோ ஒரு அறையில் களைத்துப்போன ஒருவர் படித்து உதட்டைப் பிதுக்குவாரோ... பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். படிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், அவள் பையை மாட்டிக்கொண்டாயிற்று. இடம் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் அப்பாகிட்ட இதைக் காட்டணும் என்றாள், போய்வரேன் மிஸ் என்றாள், நடைபாதை முழுக்க அவள் பேச்சுச் சத்தம், யாரோ கூட இருந்தார்களா அல்லது தனக்குத்தானேயா தெரியவில்லை.

என்ன அனுப்பினாள் என்று எனக்குத் தெரியாது. முதல் தடவையாக ஒரு பிள்ளையின் கட்டுரையை நான் படிக்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். என் அப்பா... நான் மேசையருகே இருந்தேன், அவர் வாசலில், அதுவரைக்கும் சரி. காகிதத்தைப் பார்த்தார், சரி. பிறகு திரும்பினார். பார்த்ததற்கும் திரும்பியதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? முப்பது வருஷமாக எத்தனை தடவை எனக்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுக்கமாக, கொஞ்சம் நன்றாக. இப்போது அவர் உதடு அசைகிற மாதிரி இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம்மா என்றாரோ, அல்லது சாப்பிட்டியா என்று ஏதோ உப்புச்சப்பில்லாமல் கேட்டாரோ, இல்லை, இதுவும் நான் இப்போது எழுதுவதுதானோ... கடைசி மணி அடித்தது, வராந்தாவில் கால்கள் திமுதிமுவென்று இறங்கின, நான் பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.