கழற்றி வைத்த மூடி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அத்தான், இன்னொருத்தி என் அக்கா. தனித்தனியாக வந்து சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இருவர் வைத்த நிபந்தனையும் ஒன்றுதான். "மூடியக் கழட்டினது நான்தான்னு எழுது."

எந்த மூடி என்று சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுப் பின்னறையில் மரம் கடையும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அக்கா அதில் மரக்கிண்ணம் கடைவாள். மோட்டார் சுற்ற, ஒரு பெல்ட் அந்தச் சுற்றை மரக்கட்டைக்குக் கொண்டுபோகும். பெல்ட் ஓடும் இடத்தில் கை போகாமலிருக்க இரும்புத் தகட்டு மூடி ஒன்று, திருகுகளோடு உண்டு. சம்பவம் நடந்த அன்று அது இயந்திரத்தில் இல்லை. ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாதுகாப்பு என்பது மனிதன் தன் கைகளுக்கு எழுதிக்கொடுத்த

அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. விரல் போனவரைப் பற்றி எழுதும்போது என்ன ஜோடனை வேண்டியிருக்கிறது?

பிறகு, 'அவள் அவசரக்காரி' என்று எழுதினேன். அது பொய். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நோயாளிக்குத் துணையாக வந்தவர் ஈயக் கவசம் போடாமல் அறைக்குள் நின்றால் படமே எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் வீட்டில் மூடியைக் கழற்றி வைப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"கிண்ணம் கடையும்போது வேகத்த மாத்தணும்டா. அதுக்குப் பெல்ட்ட எடம் மாத்தணும். ஒவ்வொரு தடவையும் மூடியக் கழட்டி மாட்டணும். ஒரு நாள் மாட்டாம விட்டேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் மாட்டவே இல்ல."

[இங்கே ஒரு குறிப்பு. அந்த 'ஒண்ணும் ஆகல' என்ற இடத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. ஆனால் ஒன்றும் ஆகாத நாட்களைக் கதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.]

3

அத்தான் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும்; சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

அன்று மதியம் அக்காவைச் சாப்பிடக் கூப்பிடப் பின்னறைக்குப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கவனம் முழுக்கக் கிண்ணத்தில். அவள் காலடியில் உளி ஒன்று விழுந்து கிடப்பதைப் பார்த்து, மிதித்துவிடப் போகிறாளே என்று எடுக்கக் குனிந்தார். நாடாவின் நுனி பெல்ட்டில் மாட்டியது. கழுத்து இழுபட்டது. நாடாவை விடுவிக்க வலது கையைக் கொடுத்தார். பெல்ட் அந்தக் கையைத் தான் சுற்றி ஓடும் சக்கரத்துக்குள் கொண்டுபோனது.

அக்கா சுவிட்சை அணைத்தாள். அணைத்ததும் நிற்கிற இயந்திரமல்ல அது.

(எழுதும்போது நீண்டுவிடுகிறது. நடந்தபோது அவர் 'ஏய்' என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.)

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

4

அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். கூட வேலை பார்ப்பவர்தான் படம் எடுத்தார். திரையில் வந்ததை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அக்கா பார்த்துவிட்டாள். விரல் தேறுமா என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். அக்கா வாயெடுப்பதற்குள் அத்தான் சொன்னார்: "எண்ணெய் போடலாம்னு நான்தான் மூடியக் கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன்."

அதுவே எல்லோருக்கும் உண்மையாகிவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா, "துணி வெட்டுறவனுக்கு அந்த மிஷின்ல என்ன வேல?" என்றார். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அக்கா நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று அவளைப் பாராட்டினார்கள்.

5

கடை மூடியே கிடக்கிறது. அரைகுறையாகத் தைத்த துணிகளை வாடிக்கையாளர்கள் வந்து வாங்கிப் போனார்கள். அத்தான் இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். சோறு சிந்தினால், "சின்னக் கொழந்த ஆயிட்டேன் பாரு" என்று சிரிக்கிறார். அக்கா அந்தச் சிரிப்புக்குப் பயப்படுகிறாள்.

"ஒரு வார்த்த திட்டல தம்பி. ராத்திரி கையி வலிச்சாக்கூட என்ன எழுப்புறதில்ல. அந்தப் பழிய வாங்கித் தலையில வச்சுக்கிட்டாரு. எனக்குன்னு எதையும் மிச்சம் வைக்கல. நான் எங்க போயி அழுவேன்?"

அத்தானிடம் கேட்டேன். ஏன் இந்தப் பொய்?

"அவ தெனமும் அடுத்தவன் ஒடஞ்ச எலும்பப் பாக்குறவ. என்னோடதயும் சுமக்கணுமா?" என்றார். கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "கோவம் இல்லன்னு நெனச்சியா மச்சான்?" என்றார்.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அக்கா அவருக்கு மரத்தில் விரல் கடைந்து தருகிறாள். அழகாக வந்தது, அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில் இயந்திரத்தை இரும்புக் கடைக்காரர் தூக்கிப் போகிறார். வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது, அத்தான்

இல்லை. இயந்திரம் அங்கேயேதான் இருக்கிறது. அக்கா மூடியை மாட்டித் திருகுகளை இறுக்கிவிட்டாள். இருவருமே அந்த அறைக்குள் போவதில்லை.

7

எழுதியவரை வாசித்துக் காட்ட ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் இருவரும் வைத்த நிபந்தனையிலிருந்தே வாசிக்கத் தொடங்கினேன். முதல் பத்தியிலேயே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"போதும்டா" என்றாள் அக்கா. அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கழட்டல. நான்தான் கழட்டினேன். இந்த ஊரே என்ன மெச்சுது. நீங்களாவது கேளுங்க."

"விடு."

"விட மாட்டேன். 'ஏன்டி கழட்டின'ன்னு கேளுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்றேன்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். முதலில் தொண்டை கட்டியவர்போல ஆரம்பித்தார். பிறகு தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து அப்படியே எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன். அவை அக்காவுக்குச் சேர வேண்டியவை. அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். உங்களுக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர் உங்கள் கையைத் தின்றிருந்தால் என்ன சொல்வீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குறைத்துப் போடாதீர்கள்.

இந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அவர் நிறுத்தவில்லை. இடையிடையே அக்காவின் குரல் கேட்டது. மறுக்கவில்லை, அழவில்லை. அவர் சொல்லச் சொல்ல, "ம்" என்றாள். "ம்."