டிரைவுக்குப் போட்ட பூசை

எங்கள் மலை நகரமான எல் ஆல்ட்டோவில் கல்யாண வீடியோ எடுப்பது எங்கள் தொழில். டிவிடி கேட்டு மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். லேப்டாப்பில் செருகியிருந்த டிவிடி எழுதும் டிரைவோ ஒவ்வொரு வட்டையும் பாதியில் துப்பியது.

"புதுசு வாங்கிடலாமே," என்றான் என் புருஷன் ஃப்ரொய்லான்.

"இதை எழுத வைக்காம நான் எந்திரிக்க மாட்டேன். நீ சும்மா இரு."

வேகத்தைக் குறைத்தேன். வேறு கம்பெனி வட்டைப் போட்டேன். கேபிளையும் மாற்றினேன். அதே பிழைதான். கடைசியில் டிரைவின் தட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். லென்ஸின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது. பீர் வாடை வேறு.

போன வாரம் கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று ஊரோடு சேர்ந்து நாங்களும் கடைச் சாமான்களுக்கு பீர் தெளித்து, காகிதப் பொட்டு தூவி, பூமித்தாயை வேண்டியிருந்தோம்.

"தட்டைத் திறந்து வச்சா தூவுனே?" என்று ஃப்ரொய்லானைக் கேட்டேன்.

"உள்ளதானே வேலை நடக்குது. மேல மட்டும் தூவுனா எப்படி?"

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் லென்ஸைத் துடைத்தேன். அடுத்த வட்டு முழுதாக எழுதி வெளியே வந்தது.

ஃப்ரொய்லான் பீர் பாட்டிலோடு வந்து நின்றான். "பாத்தியா, பூமித்தாய் கைவிடல. ஒரு சொட்டு ஊத்தி நன்றி சொல்லிடுவோம்."

டிரைவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அவ தரையிலதான் இருக்கா. அங்க ஊத்து."