ஒரு முழத்துக்குக் கீழே

அடித்த கங்காணியைத் திருப்பி அடித்ததற்காக ரோசம்மாவின் கணவன் சூசைராஜ் ஜெலுத்தோங் தென்னந்தோப்பில் வெட்டிக் கொல்லப்பட்டான். கங்காணி சவரியப்பன்தான் கொன்றான் என்று ஊரே பேசியது. ஆனால் வெட்டிய பாராங் கத்தி கிடைக்கவில்லை. மண்ணுக்கடியில் இரும்பு இருந்தால் கத்தும் புதுக் கருவியோடு, ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த லாரன்ஸைப் போலீஸார் அழைத்து வந்தார்கள்.

சவரியப்பனின் கொல்லை முழுக்கக் கருவி ஊமையாகவே இருந்தது.

"நான்தான் சொன்னேன்லா, ஒண்ணுமில்ல," என்று அவன் சிரித்தான்.

"கத்தி மாதிரி சின்னச் சாமான்னா ஒரு முழத்துக்குக் கீழ இதுக்குத் தெரியாதுக்கா," என்றான் லாரன்ஸ், பக்கத்தில் நின்ற ரோசம்மாவிடம்.

"அப்போ ஒரு முழம் தோண்டிட்டு வைங்க தம்பி."

ரோசம்மாவே மண்வெட்டியை எடுத்து, புதிதாக நட்டிருந்த வாழைக்கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்டினாள். குழிக்குள் இறக்கியதும் கருவி வீறிட்டது.

சவரியப்பன் கடப்பாரையோடு பாய்ந்தான். ரோசம்மாவின் இடது தோள் எலும்பு நொறுங்கியது. அவள் விழவில்லை. ஒற்றைக் கையால் மண்வெட்டியை வீசி அவன் முழங்காலைப் பிளந்தாள். மறுபடி ஓங்கியவளைப் போலீஸ்காரர்கள் இழுத்துப் பிடித்தார்கள்.

"விடுங்க! அவன் சூசையை எத்தன வெட்டு வெட்டினான்!"

குழியிலிருந்து லாரன்ஸ் பாராங்கை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவள் கை தளர்ந்தது.

சவரியப்பனைத் தூக்கிலிட்டார்கள். ரோசம்மாவின் இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் உயரவேயில்லை.