மூன்றாம் ஓலை

பூசை முடிகிற நேரத்தில் கல்யாண ஓலை வாசிப்பது இந்தப் பங்குக் கோயிலில் பதினெட்டு வருஷமாக என் வேலை. பாலக்கரையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு அந்தப் பெயர்கள் என் வாயால்தான் ஊருக்குப் போகும். கடைசியில் ஒரு வரி வரும்: இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அதை நான் நிதானமாக வாசித்ததே கிடையாது. அதற்குள் பாதி சனம் செருப்புத் தேடப் போயிருக்கும்.

அந்த ஞாயிறு வாசிக்க வந்த தாளில் ஜோஸ் பெயர் இருந்தது. என் மகள் ரஞ்சனிக்கு நிச்சயம் செய்திருந்த பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போன் எடுக்கவில்லை என்று ஸ்ரீரங்கம் ரயில் ஸ்டேஷன் வாசலில் வைத்து அவளை அறைந்தவன். இடது காது அவளுக்கு இன்றைக்கும் சரியாகக் கேட்காது. நிச்சயத்தை முறித்துக்கொண்டு, பெண்ணுக்கு வேலைதான் முக்கியமாம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தோம். உண்மையைச் சொன்னால் தன் பெயர்தான் நாறும் என்று ரஞ்சனி அழுதாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மணப்பெண் லின்சி. கோயில் மறைக்கல்வி வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை.

முதல் ஓலையை வாசித்தேன். இரண்டாவதையும் வாசித்தேன். வகுப்பில் மட்டும் என் பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாயில்லாதவர்களுக்காகப் பேசுங்கள் என்று ஒரு வாரம் நடத்துவேன், நாவை அடக்குங்கள் என்று அடுத்த வாரம். பிள்ளைகள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளும். எனக்குத்தான் எதை எடுப்பதென்று தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை பங்குத்தந்தை அருள்ராஜ் ஃபாதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷர். கை நீட்டியது திருச்சபைச் சட்டப்படி தடையாகாது, பையன் திருந்தியிருக்கலாம், ரஞ்சனி பெயரும் அடிபடும் என்று இழுத்தார். பிறகு, தீர்ப்புச் சொன்ன பிலாத்து முன்னால் இயேசு ஆண்டவரே பேசாமல்தான் நின்றார் என்றார்.

“அவரு தனக்காகத்தான் ஃபாதர் பேசாம நின்னாரு. மத்தவங்களுக்குன்னா எப்ப சும்மா இருந்தாரு?”

ஃபாதர் கொஞ்சம் இறங்கி வந்தார். ரஞ்சனி சரி என்றால் லின்சி வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். நான் ரஞ்சனியிடம் கேட்கவே இல்லை. அவள் மறுபடி அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் ஓலையையும் வாசித்து முடித்தேன். சனம் கலைந்த பிறகு மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது லின்சி வந்து நின்றாள். ரஞ்சனி அக்காவை ஜோஸ் அடித்தது நிஜமா என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன்.

“அவரேதான். என்னைய அடிச்சிட்டு, அவளும் இப்படித்தான் வாங்குனான்னு சொன்னாரு.”

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா நம்பவில்லை.

“அவன் அப்படின்னா டீச்சரே ஓலை வாசிப்பாங்களாடின்னு கேக்குது அம்மா. நீங்க மூணு வாரமும் வாசிச்சீங்களே டீச்சர்.”

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, வாசலில் கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா சிரித்தபடி உள்ளே வந்தாள். கையில் என் பெயர் எழுதிய பத்திரிகை இருந்தது. நான் வயரைக் கீழே போட்டுவிட்டு லின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்வதற்காக அவள் அம்மா பக்கம் திரும்பினேன்.