தொடாமல் விட்ட வயர்

பேட்டரி சம்பந்தமாக யார் எதைச் சொன்னாலும் விபின் முதலில் நம்பமாட்டான். சொல்கிறவன் பொய்யன் என்பதல்ல. ஆளுக்கு வோல்ட் தெரியாது, ஆம்பியர் தெரியாது, அபிப்பிராயம் மட்டும் கூடை நிறைய இருக்கும் என்பது அவன் அனுபவம். அதனால் அன்று காலை கடியப்பட்டணத்திலிருந்து ஏசுஅடிமை போன் செய்து, "ஒனக்க மீட்டரு பொய் சொல்லுது, ஒடனே வா" என்றபோதும் அவன் பதறவில்லை. மீட்டர் பொய் சொல்லாது, பார்த்தவனுக்குக் கண் சரியில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இராஜாக்கமங்கலத்தில் இருந்த தன் சின்ன எலெக்ட்ரிக்கல் கடையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தான்.

நான்கு மாதத்துக்கு முன்புதான் ஏசுஅடிமையின் மீன்பிடி வள்ளத்தில் அந்த மீட்டரை மாட்டினான். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. அதோடு ஷண்ட் என்று ஒரு கனத்த பித்தளைத் துண்டு. அதைப் பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் வைத்து, எல்லாக் கருவிகளின் நெகட்டிவ் வயர்களையும் அதன் மறுமுனையில் சேர்த்துவிட வேண்டும். அப்போது எந்தக் கருவிக்கான கரண்டும் அந்தத் துண்டைக் கடந்துதான் பேட்டரிக்குத் திரும்ப முடியும். அப்படிக் கடக்கும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே துளியளவு வோல்ட் வித்தியாசம் உண்டாகும். நூறு ஆம்பியர் ஓடினால் எழுபத்தைந்து மில்லிவோல்ட், அவ்வளவே. அதை அளந்து மீட்டர் ஆம்பியரைச் சொல்லிவிடும். எத்தனை நேரம் எவ்வளவு போயிற்று என்று கூட்டிக்கொண்டே வந்து, பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்றும் காட்டும்.

வோல்ட்டும் அதே திரையில்தான் ஓரமாகத் தெரியும். ஆனால் எதையும் எளிதாகப் புரியவைப்பவன் என்று விபினுக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. "போன்ல சார்ஜ் பாக்கியல்லா, அதுபோல சதவீதத்த மட்டும் பாத்தா போதும். மத்ததெல்லாம் எனக்குள்ளது" என்று வள்ளக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தான். கேட்டவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒருவரைப் பார்த்து ஒருவராக ஏழு வள்ளங்களில் அந்த மீட்டர் ஏறிவிட்டது. கடையில் பாதி வருமானம் இப்போது இந்தக் கரையிலிருந்துதான்.

ஏசுஅடிமை வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, அதில் நாற்பது கடலில் போனது. கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். அன்று மிகவும் இறங்கியிருந்தது.

"ரெண்டு நாள் கடல்லயே தங்கல். மூணு நாளைக்கு முன்ன ராத்திரி போனோம். நேத்து ராத்திரி பாக்கேன், அம்பத்தெட்டு காட்டுது. பாதிக்கு மேல கெடக்குல்லா, காலம்பற வரைக்கும் காணும்னு படுத்தேன். மொதல்ல வயர்லெஸ் போச்சு. பெறவு ஜிபிஎஸ். அதுக்கப்புறம் கம்பத்து லைட்டு. கூரிருட்டு. அந்த நேரம் கப்பல் ஒண்ணு நேர வருது."

விபின் கருவிப் பெட்டியை மணலில் இறக்கி வைத்தான்.

"டார்ச் அடிச்சோம். சட்டய கொளுத்திக் காட்டினோம். அவன் பாத்துத் திரும்பினானோ, தானா திரும்பினானோ, தெரியாது. அவன் எழுப்பின அலை வள்ளத்துக்குள்ள கேறிச்சு. விடிஞ்ச பெறவு வேற ஒரு வள்ளத்துக்க பின்னால வந்து சேந்தோம்." மீட்டர் இருந்த பக்கம் கை காட்டினார். "நாப்பது வருசம் மீட்டர் இல்லாமதான் போனேன் தம்பி. சந்தேகம் வந்தா ஒவ்வொண்ணா அணைப்போம். ஒனக்க அம்பத்தெட்ட நம்பினதுனாலதான் அணைக்கல்ல."

அது விபினுக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்தான்.

"ஒண்ணு மட்டும் அணையல்ல" என்றார் ஏசுஅடிமை. "மாதா லைட்டு. மங்கலாத்தான் நின்னுது, ஆனா அணையல்ல. மாதா தொணை நின்னா. உயிரோட வந்தது அதனாலயாக்கும்."

வள்ளத்தின் முன்பக்கத்தில், அணியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயர மாதா சுரூபம். அதைச் சுற்றி நீல எல்இடி பட்டை. இந்தக் கரையில் எல்லா வள்ளத்திலும் இப்படி ஒன்று உண்டு. வள்ளத்தைப் பங்குச் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்கும் அன்று ஏற்றுகிற லைட்டு, அதற்குச் சுவிட்ச் கிடையாது. அணைக்கப்போவதில்லை என்றால் சுவிட்ச் எதற்கு?

விபின் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தான். பதினொன்று புள்ளி மூன்று. காலியான பேட்டரி, சந்தேகமே இல்லை. மீட்டரைப் பார்த்தான். ஐம்பத்தேழு சதவீதம் என்று வெட்கமில்லாமல் காட்டியது. எல்லாச் சுவிட்சையும் அணைத்தான். ஆம்பியர் 0.00. கசிவும் இல்லை. அப்படியென்றால் பேட்டரியில் செல் போயிருக்கும், கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டியிருப்பான் என்று மனம் சமாதானம் தேடியது. சொல்லவேண்டிய வாக்கியம்கூட நாக்கில் தயாராகிவிட்டது.

எதற்கும் ஷண்டைச் சோதித்துவிடலாம் என்று, அதைப் பேட்டரியோடு இணைக்கும் கனத்த கேபிளை ஸ்பேனர் வைத்துக் கழற்றினான். மீட்டர் திரை செத்தது. இப்போது வள்ளத்தில் ஒன்றுமே உயிரோடு இருக்கக்கூடாது.

நிமிர்ந்தான். மாதாவைச் சுற்றி நீல வெளிச்சம் மங்கலாக நின்றுகொண்டிருந்தது.

நான்கு மாதத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. நெகட்டிவ் முனையில் இருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஷண்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கடைசியாக ஒரு மெல்லிய கறுப்பு வயர். அதில் கை வைத்தபோது, கூட நின்ற ஏசுஅடிமையின் மகன் டெல்வின், "அது மாதாவுக்குள்ளதாக்கும்" என்றான். அவன் தடுத்துச் சொன்னானா, சும்மா தகவலாகச் சொன்னானா என்று விபின் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டான். விபின் வீட்டார் அய்யாவழிக்காரர்கள். வீட்டில் அவர்கள் கும்பிடும் கண்ணாடிக்கு முன்னால் எரியும் விளக்கில் வெளியாள் ஒருவன் வந்து கை வைத்தால் அவன் அம்மா செல்லத்தாய் முகம் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அதே மரியாதையை இங்கேயும் காட்டினான். இங்கே மட்டுமல்ல, ஏழு வள்ளத்திலும் காட்டினான்.

வயரைக் கழற்றாமலே அளக்கும் கிளாம்ப் மீட்டரை அந்தக் கறுப்பு வயரில் மாட்டிப் பார்த்தான். மங்கிய நிலையிலேயே 0.8 ஆம்பியர். நல்ல பேட்டரியில் சராசரி ஒன்று புள்ளி இரண்டாவது போகும். நாற்பத்தெட்டு மணிக்கூருக்கு ஐம்பத்தெட்டு. நூறு ஆம்பியர்-மணி பேட்டரியில் மீட்டர் மிச்சம் என்று காட்டிய ஐம்பத்தெட்டும் ஷண்ட் பக்கமே வராமல் நேராக மாதா லைட்டுக்குள் போயிருந்தது. முன்வாசலில் கூடை எண்ணுகிறவனை நிறுத்திவிட்டு, பின்வாசலைத் திறந்து வைத்த கதை. மீட்டர் தன் வழியாகப் போனதை மட்டும் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறது. இதுவரை ஒரு ராத்திரி போய்வந்து உடனே சார்ஜ் ஏற்றியதால் குறை வெளியே தெரியவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதில் அவனுக்கு இப்போது ஒரு சந்தோஷமும் இல்லை.

"என்ன தம்பி, பேட்டரியா?" என்றார் ஏசுஅடிமை. அவரே வழியைக் காட்டிவிட்டார். ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். பழைய பேட்டரிக்குப் பதில் புதியது, நாலு நாளில் ஏழு வள்ளத்திலும் சத்தமில்லாமல் வயரை மாற்றிவிடலாம். ஒரு குருவிக்கும் தெரியாது. விபின் நல்லவன்தான், ஆனாலும் ஒரு நிமிடம் அந்த வழியில் போய்ப் பார்த்தான்.

"மத்த வள்ளம் எல்லாம் கரையிலதான் நிக்கா அண்ணாச்சி?"

"நம்மளதும் சேத்து ஆறு நிக்கு. ஆன்ட்ரூசுக்க வள்ளம் மட்டும் நேத்து காலம்பற போச்சு. நாளைக்குத்தான் வரும். டெல்வினும் அதுலயாக்கும்."

விபின் எழுந்துவிட்டான். "வீட்டுல வயர்லெஸ் இருக்குல்லா? வாங்க, போவோம்."

"விஷயத்த சொல்லு."

சொன்னான். நின்றபடியே, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். வயரைப் பார்த்தது, கையை எடுத்தது, அந்த லைட்டு தின்றது, வோல்ட் இறங்கி மற்றதெல்லாம் நின்றாலும் சின்ன எல்இடி மட்டும் மங்கலாக எரியும், அதனால்தான் அது அணையவில்லை என்பது வரை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் ஏசுஅடிமை அணியத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க விபினுக்குத் தைரியம் இல்லை.

"கழத்தணும்னு எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"உங்களுக்கு வருத்தமாவும்னு..."

"வருத்தமா, பயமா?"

விபின் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மூணு வருசமா எங்க வீட்டுல சோறு திங்குத. மீன் கொளம்புல புளி காணாதுன்னு ரீத்தாட்ட நேர சொல்லுத. ஒரு வயர கழத்தணும்னு சொல்ல ஒனக்கு வாய் வரல்ல." அவர் குரல் இன்னும் இறங்கியது. "எங்கள என்னன்னு நெனச்ச நீ?"

அவர் அடித்திருந்தால்கூட விபினுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர் பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். இவன் பின்னால் ஓடினான்.

ஏசுஅடிமையின் வீட்டு முன்னறையில் வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி ரீத்தா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தள்ளி உட்கார்ந்தார். அந்த அலைவரிசையில் ஒன்று சொன்னால் கரைக்கே சொன்ன மாதிரி. எல்லா வள்ளக்காரர் வீட்டிலும் கேட்கும். மண்டைக்காடு பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பிரதீஷ், விபினுக்குப் போட்டிக்காரன், அவன் கடையிலும் ஒரு செட்டு எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். விபின் மைக்கை எடுத்து அமுக்கினான்.

"ஆன்ட்ரூசண்ணே, டெல்வினே, நான் விபின், கரையில இருந்து. கேக்குதா?"

இரண்டு முறை கூப்பிட்ட பிறகு இரைச்சலுக்கு நடுவே டெல்வின் வந்தான். "சொல்லு விபினு."

"மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

"எழுவத்தொண்ணு. அடிபொளி, நெறைய கெடக்கு."

"அது தப்பு. நான் மாட்டினதுல தப்பு. ஏழு வள்ளத்துலயும் ஒரு வயர விட்டுட்டேன், அதுல போறது கணக்குல வராது. சதவீதத்த யாரும் நம்பாண்டாம். ஓரத்துல வோல்ட் எவ்வளவு?"

"பதினொண்ணு புள்ளி எட்டு."

"பாதிக்கு ரொம்பக் கீழ கெடக்கு. ராத்திரி பன்னெண்டு தாண்டாது. இப்பமே கரைக்கு வர முடியுமா?"

"தூண்டில் போட்டாச்சு. எடுத்துத் தீர விடியும்."

"அப்பம் ஜிபிஎஸ் அணச்சு வையி, தேவைக்கு மட்டும் போடு. கம்பத்து லைட்டும் வயர்லெஸும் இருக்கட்டு. பெறவு..." விபின் ஏசுஅடிமையை ஒருமுறை பார்த்தான். "அணியத்துல உள்ள லைட்டுக்க வயர பேட்டரியில இருந்து கழத்தணும்."

"எந்த லைட்டு? மாதா லைட்டா?"

டெல்வினுக்குப் பின்னாலிருந்து ஆன்ட்ரூஸின் குரல் கேட்டது. "ஏலே, யாருல அத அணைக்கச் சொல்லுதது?"

விபின் பொத்தானை விட்டுவிட்டான். இதற்குப் பதில் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ரீத்தாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. எத்தனை வீடுகளில் இப்போது காது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தாலே அவனுக்கு வேர்த்தது.

ஏசுஅடிமை மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"டெல்வினே, அப்பாவாக்கும். அந்த வயர கழத்து."

"அப்பா, மந்திரிச்ச நாள்ல இருந்து ஒருக்கலும் அணச்சதில்ல."

"கழத்து மக்கா. கம்பத்துல லைட்டு வேணும். நேத்து நான் கப்பலுக்க அடியில கெடந்தவன், எனக்குத் தெரியும்." ஒரு மூச்சு விட்டார். "மாதாட்ட நான் பேசிக்கிடுதேன்."

இரைச்சல் நீண்டது. ரீத்தா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"கழத்தியாச்சுப்பா" என்றான் டெல்வின்.

"ம். மணிக்கூருக்கு ஒருக்க வோல்ட் சொல்லு."

அவர் மைக்கை மாட்டினார். பிறகு சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் போய், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்காலில் உட்கார்ந்தார். விபின் வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றான். இனி இந்தக் கரையில் தனக்கு என்ன வேலை என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"விபினு" என்றார் ஏசுஅடிமை, திரும்பாமலே. "ஸ்பேனர் கையிலதான இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி."

"நம்ம வள்ளத்துலயும் அந்த வயர கழத்தி, எங்க மாட்டணுமோ அங்க மாட்டு. மத்த அஞ்சு வள்ளமும் பக்கத்துலதான் நிக்கு. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் இங்க பேசித் தீரதுக்குள்ள முடிச்சிட்டு வா. பெறவு சோறு திம்போம்."