மூன்றாம் நம்பர் கேபின் காளான்

தவக்காலத்தின் முப்பத்தொன்றாம் நாள் சகாய பிரவீன் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினான். வீட்டில் இன்டர்வியூ என்று சொல்லியிருந்தான். அது முழுப்பொய் இல்லை, சிக்கன் நூடுல்ஸை நேரில் சந்திக்கத்தான் வந்திருந்தான்.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் கறி தொடாமல் இருப்பது எல்லோருக்கும் உள்ளது. பிரவீனுக்கோ தினமும் வெள்ளிக்கிழமைதான். அவன் கட்டிக்கொள்ள நினைத்த ஜெசியின் அப்பா சூசைமுத்து போட்ட நிபந்தனை அது. அவர் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குத் தலைவர், ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வுபெற்றவர். ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். "சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் கறி, மீனு, முட்டை எதுவும் தொடாம இரு தம்பி. நானும் இருக்கறேன். ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டுக்கு வா, ஜெசி விஷயம் பேசலாம்" என்றிருந்தார். முப்பது நாள் தாக்குப்பிடித்தவனுக்கு முந்தின இரவு கனவில் ஒரு கோழி வந்து நலம் விசாரித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'ஷாங்காய் கோதண்டம் ஃபாஸ்ட் ஃபுட்'. முதலாளி கோதண்டபாணி மேல்மலையனூர்க்காரர். ஷாங்காய் எந்தப் பக்கம் என்று கேட்டால் செஞ்சி ரோட்டைக் காட்டக்கூடியவர். சுவரில் இருந்த டிராகனுக்கு நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். உள்ளே பிளைவுட் அடித்து, திரை போட்டு, நான்கு கேபின். ஒளிந்து சாப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே தொல்லை, சாப்பிட்டு முடித்த எல்லோரையும் அவர் செல்போனில் பேசவைத்துப் படம் பிடிப்பார். அதற்குக் 'கஸ்டமர் அனுபவம்' என்று பெயர். அனுபவம் சொல்லாதவர்கள் வெளியே போக முடியாது. வாசலை அவரே அடைத்துக்கொண்டு நிற்பார், அவருக்கு அந்த அகலம் இருந்தது.

பிரவீன் இரண்டாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு சிக்கன் நூடுல்ஸ் சொன்னான். தட்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தான். பல்லில் ஏதோ வழுக்கியது. கண்ணைத் திறந்தான். காளான். கிளறினான். அதன் கீழேயும் காளான். முப்பத்தொரு நாள் கோபம் மொத்தமும் தொண்டைக்கு ஏறியது. "யோவ்" என்று கத்த வாயைத் திறந்தபோது பக்கத்து மூன்றாம் நம்பர் கேபினிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னாங்க இது, நெஜமாவே காளான்தானா?"

சூசைமுத்து.

பிரவீனின் வாய் திறந்தபடியே நின்றது.

"காளான்தான் சார்" என்றார் கோதண்டபாணி. "நம்ம மாஸ்டர் கை அப்படி. கறியே தோத்துடும்."

"எனக்கு மழைக்கு மொளைக்கிற காளான்தான் தெரியும். இது நார் நாரா வருதே! பத்திரம் விஷயமா ஆபீஸுக்கு வந்தேன், மூணு மணிக்கு வான்னுட்டான். பசிக்கு நொழைஞ்சா, அடடா!"

அடடாவுக்குப் பிறகு உறிஞ்சும் சத்தம். தட்டு மாறிவிட்டது. பிரவீனின் கோழியைத் தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்ச் சொன்னால் அவர் விரதம் பாதியாவது மிஞ்சும். ஆனால் சிக்கன் யார் சொன்னது என்பது அடுத்த கேள்வியாக வரும். சொல்லாவிட்டால் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல மனிதர் வாய்வாயாகக் கெட்டுக்கொண்டிருப்பார். நழுவிப் போகவும் வழியில்லை, வாசலுக்கு மூன்றாம் நம்பரைத் தாண்டித்தான் போகவேண்டும். பிரவீன் சத்தமில்லாமல் காளானை மென்றான். ஒவ்வொரு 'அடடா'வுக்கும் அவன் தலை கொஞ்சம் தாழ்ந்தது.

கை கழுவும் தொட்டி இரண்டாம் நம்பருக்கு எதிரே இருந்தது. கை கழுவ வந்த சூசைமுத்துவுக்கு ஃபேன் காற்று திரையை விலக்கிக் காட்டியது.

"பிரவீனு?"

"அங்கிள்."

அவர் பார்வை முகத்தில் நிற்காமல் நேராகத் தட்டுக்குப் போனது. பழைய தொழில் பழக்கம். ஒரு காளானைச் சுண்டுவிரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு அவன் தோளில் ஈரக்கையை வைத்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி, உன்மேல எனக்கு சந்தேகம் இருந்துச்சு. இவ்ளோ தூரம் வந்து, யாரும் பாக்காத எடத்துலயும் காளான் துன்னுகினு இருக்க பாரு."

பிரவீன் இன்னொரு காளானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றைய கஸ்டமர் அனுபவத்தைத் தலைவரே வழங்கினார். கேமராவைப் பார்த்துக் கைகூப்பி, "முப்பத்தோரு நாளா கறி தொடல. இன்னிக்கு அந்தக் கொறையே தெரியல" என்றார்.

படம் பிடித்த கையோடு தட்டுகளை எடுத்த கோதண்டபாணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லாவுக்கு வந்த பிரவீனிடம் கிசுகிசுத்தார். "தம்பி, உன்னுது அவருக்குப் போய்டுச்சு! இரு, போய் சாரி கேட்டுக்கினு ஆளுக்கொரு ஜூஸ் குடுத்துட்றேன்."

பிரவீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணே, சாரியும் வேணாம் ஜூஸும் வேணாம். வாயத் தொறந்தா என் கல்யாணம் காலி."

பின்னாலிருந்து சூசைமுத்து குரல் கொடுத்தார். "மூணு பார்சல் கட்டுங்க. நான் துன்னனே, அதே காளான். என் வீட்டுக்காரி லூர்துசெல்விக்கும் ஜெசிக்கும். எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு, தம்பி எடுத்துக்கினு போய்க் குடுத்துடுவான். மூணாவது எனக்கு ராத்திரிக்கு."

கோதண்டபாணி பிரவீனின் காதருகே குனிந்தார். "எதக் கட்டட்டும்?"

கோழியைக் கட்டினால் லூர்துசெல்வி மூடியைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடக்கூடும். காளானைக் கட்டினால் தலைவர் ராத்திரி கண்டுபிடிப்பார். ஒருத்தர் அறியாமல் தின்றதே போதும், மூன்று பேருக்கு அறிந்தே கொடுக்க பிரவீனுக்குக் கை வரவில்லை.

"காளான்" என்றான், மறியலில் கைதாகப் பேர் கொடுக்கிறவன்போல.

விழுப்புரம் வரை பார்சல் மடியில் சூடாக இருந்தது. லூர்துசெல்வி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எட்டே காலுக்கு ஜெசி கூப்பிட்டாள்.

"இன்னா பண்ணி வெச்ச? அப்பா ஒரு வாய் வெச்சாரு, நிறுத்திட்டாரு. அஞ்சு நிமிஷமா தட்டையே பாத்துக்கினு இருக்காரு. பிரவீனு கடையில இன்னா ஆர்டர் பண்ணான்னு கேக்குறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? இரு, அவரே பேசறாராம்."

போன் கைமாறும் சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"தம்பி."

"அங்கிள்... சிக்கன்தான் அங்கிள்."

"அது தெரியுது. எனக்கும் அங்கியே தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது வாய்லயே நெஞ்சுக்குள்ள ஒண்ணு சொல்லுச்சு. ருசியா இருந்துச்சேன்னு அதோட வாய மூடிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "பார்சல்ல ஏன் காளான் கட்டச் சொன்ன? கோழியே கட்டியிருந்தா நான் கண்டுபுடிச்சிருக்கவே மாட்டேனே?"

"ஜெசியும் ஆன்ட்டியும் சாப்புடுவாங்களே, அங்கிள்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.

"சரி. நாளையில இருந்து மறுபடி ஒண்ணாம் நாள். நாப்பது நாள் நான் இருக்கப் போறேன்."

"அங்கிள், ஈஸ்டருக்கு இன்னும் பதினாறு நாள்தானே?"

"ஈஸ்டர் பிரியாணி மத்தவங்களுக்கு. நாம பக்கத்துல ஒக்காந்து தயிர்சாதம் துன்னலாம். நீயும் ஒண்ணுல இருந்துதான் தம்பி. கல்யாணப் பேச்சு அதுக்கப்புறம்."

"சரிங்க அங்கிள்."

"இன்னொண்ணு. அந்த ஆளு புடிச்சிக்கினு போனானே, வீடியோ."

"ஆமாங்க."

"நாளைக்கு மொத பஸ்ஸு. நீயும் நானும் போய் அழிச்சிட்டு வர்றோம். கடைக்குள்ள நான் வர மாட்டேன், வெளியவே நிக்கறேன். உள்ள நீ போ." குரல் இன்னும் இறங்கியது. "ஆனா எதையும் மோந்து பாக்காத."